பென் டிரைவில் உறையும் லினக்ஸ்

சாயர்புரத்தைச் சூழ்ந்த செம்மணற் பூமியிலே பனையேறும் தொழிலாளரைக் கண்டோர் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பர். மரங்கள் அவர்களுக்கு உரியனவல்ல. இன்று ஒருவர் விளையில் ஏறுவர். நாளை வேறொருவர் விளையில் ஏறுவர். ஆயினும் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியும் காலிலிடும் தளைநாரும் அவர்களுடையவை. மரம் மாறினும் கருவி மாறுவதில்லை. கை பழகிய கருவியாதலால் எம்மரத்திலும் வேலை தடையின்றி நடக்கும். கணினி விஷயத்திலும் இத்தகையதோர் ஏற்பாடு உண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை முழுமையாக ஒரு பென் டிரைவில் அமைத்துச் சட்டைப்பையில் எடுத்துச்சென்று, கிடைத்த கணினியில் செருகி, அக்கணினியின் டிஸ்கைத் தொடாமலே நம்முடைய இயங்குதளத்தை எழுப்பி, வேலை முடிந்தபின் கழற்றிக்கொண்டு வருவதே அது. இவ்வேற்பாடு எங்ஙனம் நடைபெறுகின்றது, எவ்விடத்தில் தவறுகின்றது, தவறினால் செய்யத்தக்கது யாது என்பவற்றை நாம் அறிந்த அளவில் இங்கு எழுதப் புகுகின்றோம்.

இது வேடிக்கைக்காக மாத்திரம் ஏற்பட்டதன்று. நம் மாணாக்கரிற் பலருக்குச் சொந்தக் கணினி இல்லை. பகலில் கல்லூரி ஆய்வுக்கூடக் கணினி. மாலையில் மாமன் மகனுடைய லேப்டாப். அவசரத்திற்குத் தூத்துக்குடி பிரௌசிங் சென்டர். ஓரிடத்தில் இருக்கும் மென்பொருள் மற்றோரிடத்தில் இராது. தமிழில் இரண்டு பக்கம் தட்டச்சு செய்யவேண்டின், 1999-ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை அக்கணினியில் அமைந்திருக்கிறதோ இல்லையோ என்று முதலில் தேடவேண்டும்; இல்லையெனில் அதை நிறுவுவதற்குக் கணினிக்கு உடையவர் அனுமதி தரவேண்டும். எழுத்துருவும், விசைப்பலகையும், பாதியில் நிற்கும் கட்டுரையும் ஒருங்கே கூடவரின் இவ்வலைச்சல் யாவும் ஒழியும்.

நாம் இதனைக் கற்றது நூலினாலன்று, ஒரு தோல்வியினால். அதனை மறைப்பானேன்?

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆய்வுக்கூடக் கணினி ஒன்றில் 32 ஜி.பி. பென் டிரைவைச் செருகி, அதில் லினக்ஸை நிறுவினோம். நிறுவும் நிரல் எத்தனையோ கேள்விகளைக் கேட்டது. எல்லாவற்றிற்கும் பென் டிரைவையே விடையாகக் காட்டினோம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. திரும்பத் துவக்கியபோது லினக்ஸ் அழகாக எழுந்தது. மிக்க மகிழ்ச்சியுடன் பென் டிரைவைக் கழற்றி அலமாரியில் வைத்தோம். மறுநாள் அக்கணினியைத் துவக்கிய மாணாக்கர், விண்டோஸ் வராமல் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற ஒரு சொல் மாத்திரம் நின்று கண் சிமிட்டுவதாகச் சொன்னார்கள். டிஸ்க் பழுதாயிற்றென்று எண்ணி அக்கணினியை மூலையில் ஒதுக்கிவைத்தோம். இரு நிகழ்ச்சிகளுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்பொழுது நமக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இப்பக்கத்தார் எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல் முதலிய ஊர்களைச் சூழ்ந்துகொண்டது. ஜனவரி மாதத்தில் வகுப்புகள் தொடங்கியபின், ஏரல் பக்கத்து மாணவி ஒருவர் ஒரு லேப்டாப்பைத் துணியிற் சுற்றி எடுத்துவந்தார். அவருடைய தமையனார் பள்ளியில் படித்த காலத்தில் அரசு கொடுத்தது அது. பேட்டரி என்றோ செத்துவிட்டமையின் மின்சாரத்தில் இணைத்தே உபயோகித்து வந்தனர். மழையிரவில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. லேப்டாப்பைப் பரணில் ஏற்றிவிட்டனர். ஆதலால் அது நனையவில்லை. நனைந்தவை கீழே இரும்புப் பெட்டியில் இருந்த காகிதங்கள்: நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, இருவருடைய மதிப்பெண் சான்றிதழ்கள். அவற்றை எல்லாம் ஒருமுறை ஸ்கேன் செய்து அந்த லேப்டாப்பில் வைத்திருந்தார்கள். நகல் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கும் பழைய எண்கள் வேண்டும். எண்கள் லேப்டாப்பினுள்ளே இருக்கின்றன. லேப்டாப்போ விண்டோஸ் சின்னத்தைக் காட்டிச் சுழன்றுகொண்டே நிற்கின்றது. கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடலாம் என்று சொல்லியிருந்தார்.

‘நம்மிடம் பென் டிரைவ் இருக்கின்றதே’ என்று அலமாரியைத் திறந்தோம். செருகினோம், துவக்கினோம், பழைய சுழற்சியே வந்தது. ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு அழகாக எழுந்த லினக்ஸ் இந்த லேப்டாப்பின் கண்ணுக்குத் தென்படவே இல்லை. மாணவியின் முகத்தைப் பார்க்க நமக்கு வெட்கமாயிருந்தது. ‘நாளைக்கு வரட்டுமா ஐயா?’ என்று மட்டும் அவர் கேட்டார். அன்றிரவு நாம் படித்தறிந்ததே இக்கட்டுரையின் நடுப்பகுதி.

கணினிக்கு மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்தெழுவது டிஸ்கிலுள்ள விண்டோஸோ லினக்ஸோ அன்று. தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லினுள்ளே நிலையாக எழுதப்பட்ட நிரலொன்று உண்டு. பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். ஏறக்குறையப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக வரும் கணினிகளில் அதன் ஸ்தானத்தை யூ.இ.எஃப்.ஐ. என்பது பெற்றுள்ளது. இந்நிரலின் வேலை, நினைவகம் விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்துவிட்டு, இயங்குதளத்தைத் துவக்கும் சிறு நிரலாகிய பூட் லோடரைக் கண்டுபிடித்து, அதனிடம் ஆட்சியை ஒப்படைப்பது. கண்டுபிடிக்கும் முறையில்தான் இவ்விரண்டிற்கும் பேதம்.

பயாஸ் மிகவும் எளிய சுபாவமுடையது. கொடுக்கப்பட்ட டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டுகளில் குறித்த அடையாளம் இருந்தால், தொடக்கத்திலுள்ள நிரலை ஓட்டும். நிரலுக்கென்று அங்குள்ள இடம் 446 பைட்டு மாத்திரமே. எஞ்சியதில் 64 பைட்டு டிஸ்கின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு உரியது. 446 பைட்டில் ஓர் இயங்குதளத்தைத் துவக்க முடியுமா? முடியாது. அடுத்த துண்டு எங்கே இருக்கிறதென்று சுட்டிக்காட்ட மட்டும் அது போதும்.

யூ.இ.எஃப்.ஐ. அங்ஙனமன்று. அது கோப்புகளைப் படிக்கும் அறிவுடையது. ஃபேட்32 முறையில் அமைந்த ஒரு சிறு பிரிவு டிஸ்கில் இருக்கவேண்டும்; பூட் லோடர் அப்பிரிவில் ஒரு சாதாரணக் கோப்பாக வாழும். எந்தக் கோப்பை ஓட்டுவது என்னும் குறிப்பைத் தாய்ப்பலகையின் சொந்த நினைவில் எழுதி வைத்திருக்கும். இவ்விடத்தை வாசகர் நன்றாகக் கவனிக்கவேண்டும். குறிப்பு இருப்பது தாய்ப்பலகையில். பென் டிரைவில் அன்று. ஆகவே, ஒரு கணினியில் எழுதிய குறிப்பு மற்றொரு கணினிக்குத் தெரியாது. தெரியாத கணினி என்ன செய்யும்? கழற்றத்தக்க டிஸ்க் எதுவாயினும், அதில் இ.எஃப்.ஐ. என்னும் கோப்புறையைத் திறந்து, அதனுள் பூட் என்னும் கோப்புறையைத் திறந்து, பூட்-எக்ஸ்-64 என்று பெயரிட்ட கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஓட்டும், இல்லையேல் அப்படியொரு பென் டிரைவ் செருகப்பட்டதாகவே காட்டிக்கொள்ளாது. இப்பெயர் உலகெங்கும் பொதுவான விதி. அறிமுகமில்லாத ஊரில் சத்திரத்தைத் தேடிப் போவது போன்றதே இது.

நமது தவறு இப்பொழுது விளங்கும். நாம் உபயோகித்த நிறுவும் நிரல், லினக்ஸைப் பென் டிரைவிலும் அதன் பூட் லோடரை ஆய்வுக்கூடக் கணினியின் உள் டிஸ்கிலிருந்த சிறு பிரிவிலுமாக வைத்துவிட்டது. பென் டிரைவையே விடையாகக் காட்டியும் இவ்வாறு செய்தது. தாய்ப்பலகையிலும் ‘லினக்ஸ் முதலில்’ என்று குறிப்பெழுதிற்று. ஆகவே, பென் டிரைவ் செருகியிருக்கும் வரை எல்லாம் சரியாக நடந்தது. கழற்றியவுடன் பூட் லோடர் தன் மற்றப் பாதியைக் காணாமல் ‘கிரப்’ என்று புலம்பிக்கொண்டு நின்றது. விண்டோஸ் கெடவுமில்லை, டிஸ்க் பழுதாகவுமில்லை. தலையும் உடலும் வெவ்வேறு இடத்தில் கிடந்தன, அவ்வளவே. மூலையில் ஒதுக்கிய கணினியை மறுநாட் காலையில் துவக்கி, அமைப்புப் பக்கத்தில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்திற்கு ஏற்றினோம். இரண்டு மாதம் பழுதென்று கிடந்தது இரண்டு நிமிஷத்தில் எழுந்தது.

மாணவியின் லேப்டாப்போ பயாஸ் வகையைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய முதல் 512 பைட்டு நிரல் நம் பென் டிரைவில் இல்லவே இல்லை. ஆகையால் நாம் செய்யவேண்டியிருந்த காரியம் ஒன்றே: இரண்டு வகைக் கணினிக்கும் ஏற்ற வாயில்களை ஒரே பென் டிரைவில் அமைப்பது.

அதன் முறை வருமாறு. பென் டிரைவை ஜி.பி.டி. என்னும் புதிய அட்டவணை முறையில் மூன்றாகப் பிரிக்கவேண்டும். முதலாவது, 1 எம்.பி. அளவுள்ள சிறு பிரிவு. பயாஸ் வழியாக வரும் கிரப் நிரல் தன் இரண்டாம் துண்டை இதில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது, சில நூறு எம்.பி. அளவில் ஃபேட்32 பிரிவு, யூ.இ.எஃப்.ஐ. வந்து நுழையும் வாயில் இது. எஞ்சிய இடம் முழுவதும் லினக்ஸுக்கு. பின்னர்க் கிரப்பை இருமுறை நிறுவுக: ஒருமுறை பயாஸுக்காக, மற்றொரு முறை யூ.இ.எஃப்.ஐ.க்காக. இரண்டாம் முறை நிறுவுகையில் கிரப்-இன்ஸ்டால் கட்டளையோடு ‘ரிமூவபிள்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், மேற்கூறிய பொதுப்பெயரிலேயே கோப்பு எழுதப்படும். டெபியனில் நிபுணர் முறையில் நிறுவுவோரை, கழற்றத்தக்க டிஸ்கிற்குரிய பாதையிலும் கிரப்பை வைக்கலாமா என்று நிரலே கேட்கும், ஆம் என்க. இவற்றினும் எளிய உபாயம் ஒன்று முதியோர் வழக்கிலுண்டு. மேசைக் கணினியாயின், நிறுவுவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து உள் டிஸ்கின் வயரைக் கழற்றிவிடுவது. இல்லாத டிஸ்கில் எந்த நிரலும் எதையும் எழுத முடியாதன்றோ! நாம் இப்பொழுது இதையே செய்கின்றோம்.

மறுநாள் மாலை மாணவி வந்தார். பென் டிரைவைச் செருகி, துவங்கும் டிஸ்கைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை அழைத்தோம். முதன்முறையாக அதில் பென் டிரைவின் பெயர் தோன்றிற்று. லினக்ஸ் எழுந்தபின் உள் டிஸ்கை ‘படிக்க மட்டும்’ என்னும் முறையில் இணைத்தோம். பாதியில் மின்சாரம் நின்ற டிஸ்கில் எழுத முயல்வது பேதைமை. ஒரு பைட்டும் மாறாதபடி படித்து எடுத்துக்கொள்வதே முறை. ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையினுள்ளே ‘வீட்டுக் காகிதம்’ என்னும் பெயரில் எல்லாம் இருந்தன. நகலெடுத்து முடிய இருபது நிமிஷம். அவற்றைத் திறந்து பார்த்துக் கையாலே எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்ட பின்னரே அவர் எழுந்தார். கணினியை இனி நம்பமாட்டேன் என்பதாக அச்செய்கைக்கு நாம் பொருள் கொண்டோம்; அதில் நியாயமும் உண்டு.

நிற்க. இங்ஙனம் வெளியிலிருந்து இயங்குதளத்தைத் துவக்குவது புதிதாகத் தோன்றியதன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு லினக்ஸை வெளியிட்ட காலத்தில், அதனைச் சோதிக்க விரும்பினோர் இரண்டு பிளாப்பிகளைக் கொண்டே துவக்கினர். ஒன்றில் கெர்னல், மற்றொன்றில் கோப்புகள். 2000-ஆம் ஆண்டளவில் ஜெர்மனி தேசத்துக் கிளாஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸ் என்னும் தொகுப்பை வெளியிட்டார். ஒரே குறுவட்டிலிருந்து முழு இயங்குதளமும் எழுந்து, எந்தக் கணினியின் உறுப்புகளையும் தானே அறிந்துகொண்டது கண்டு பலரும் வியந்தனர். பென் டிரைவ் விற்பனைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். நம் நாட்டில், சென்னையிலுள்ள சி-டாக் நிலையத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் வேலை செய்யும் வசதியுடையது. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணாக்கர்க்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்புகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மாணவியின் லேப்டாப்பிலும் ஒருகாலத்தில் இருந்திருக்கவேண்டும்; இடம் போதவில்லையென்று தமையனார் அதனை அழித்துவிட்டாராம். இருந்திருந்தால் பென் டிரைவின்றியே காகிதங்களை எடுத்திருக்கலாம்.

இனி, பூட் லோடர் தன் வேலையை முடித்தபின் நடப்பதைச் சொல்லுவோம். கெர்னலோடு கூட இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு கட்டு ஒன்றும் நினைவகத்தில் ஏறும். டிஸ்கைத் திறப்பதற்கு வேண்டிய டிரைவர்கள் டிஸ்கிலேயே இருப்பின், பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே அகப்பட்டதாகுமன்றோ? அதற்காகவே இக்கட்டு. சில தொகுப்புகள் சிக்கனம் கருதி, நிறுவிய கணினிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் இதில் வைக்கும். பல கணினிகளில் ஓடவேண்டிய பென் டிரைவுக்கு இச்சிக்கனம் ஆகாது. எல்லா டிரைவர்களும் வேண்டும். டெபியன் இயல்பாகவே பெரும்பாலானவற்றைச் சேர்த்து வைக்கின்றது. அங்ஙனம் செய்யாதவற்றில் அமைப்பை மாற்றிக் கட்டைத் திரும்ப ஆக்கவேண்டும்.

டிஸ்கின் பெயரும் கணினிக்குக் கணினி மாறும். ஓரிடத்தில் இரண்டாம் டிஸ்காக எண்ணப்படும் பென் டிரைவ் வேறோரிடத்தில் முதலாம் டிஸ்காகலாம். ஆதலால் வரிசையைக் கொண்டு பெயர் சொல்லாமல், ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய யூ.யூ.ஐ.டி. என்னும் நீண்ட அடையாள எண்ணைக் கொண்டே அமைப்புக் கோப்பில் குறிப்பிடவேண்டும். இக்காலத்து நிறுவும் நிரல்கள் இதனைத் தாமே செய்கின்றன. பழைய குறிப்புகளைப் பார்த்துக் கையால் எழுதுவோரே இடறுகின்றனர்.

திரை, வலை ஆகிய இரண்டுமே அடிக்கடி தொல்லை தருவன. ஒரு கணினியின் என்விடியா அட்டைக்காக அந்நிறுவனத்தாரின் டிரைவரை நிறுவிவிட்டால் அது மற்றக் கணினிகளில் கலகம் விளைவித்தல் உண்டு. கெர்னலோடு வரும் திறந்த டிரைவர்களே பென் டிரைவுக்கு ஏற்றவை. வைஃபை சில்லுகள் பலவற்றிற்கு ஃபர்ம்வேர் என்னும் தனிக் கோப்பு வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 முதல் இக்கோப்புகள் நிறுவும் வட்டிலேயே சேர்ந்து வருகின்றன. அப்படியும் வைஃபை எழவில்லையெனில், ஆண்ட்ராய்டு போனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து டெதரிங் என்பதைத் திறந்துவிடுக. பெரும்பாலும் உடனே வலை கிடைக்கும்.

இதுகாறும் கூறியது முழுமையாக நிறுவும் முறை. லைவ் என்னும் மற்றொரு முறையும் உண்டு. இதில் இயங்குதளம் முழுவதும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக இருக்கும். அதில் எவரும் எழுதமுடியாது. நாம் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் மட்டும் தங்கி, நிறுத்தியவுடன் மறையும். மாற்றங்கள் தங்கவேண்டுமாயின் பெர்சிஸ்டன்ஸ் எனப்படும் தனிப் பிரிவைச் சேர்க்கலாம். ஒவ்வொருமுறையும் புதிதாகவே உறுப்புகளை ஆராய்வதால், முன்பின் பார்த்திராத கணினியில் லைவ் முறையே எளிதில் எழும். பென் டிரைவில் எழுதுவது குறைவாதலால் அதன் ஆயுளும் நீளும். ஆனால் கெர்னலைப் புதுப்பிப்பது இதில் சங்கடம். நாள்தோறும் வேலை செய்வோர்க்கு முழு நிறுவலும், பழுதுபார்ப்போர்க்கு லைவும் ஏற்றன என்பது நமது அபிப்பிராயம். 2020-ஆம் ஆண்டு வெளிவந்த வென்டாய் என்னும் நிரலைக் கொண்டு ஒரே பென் டிரைவில் பல லைவ் வட்டுக் கோப்புகளை வெறுமே நகலெடுத்து வைத்து, துவக்குகையில் வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

பென் டிரைவை வாங்குவதிலும் விவேகம் வேண்டும். யூ.எஸ்.பி. 2.0-இன் உச்சவேகம் விநாடிக்கு 480 மெகாபிட், 3.0-இல் 5 ஜிகாபிட். எனினும் மலிவான பென் டிரைவுகள் சிறு சிறு துண்டுகளாக எழுதுகையில் மாட்டுவண்டியாய் நகரும். இயங்குதளம் எழுதுவதோ அத்தகைய துண்டுகளையே. கைப்பொருள் உள்ளோர் யூ.எஸ்.பி. உறையிலிட்ட சிறு எஸ்.எஸ்.டி.யை வாங்குக. இல்லாதோர், கோப்பைப் படிக்குந்தோறும் நேரத்தைக் குறிக்கும் வழக்கத்தை ‘நோ-ஏ-டைம்’ என்னும் அமைப்பினால் நிறுத்தி, பிரௌசரின் தற்காலிகக் கோப்புகளை நினைவகத்திற்கு மாற்றினால் ஓரளவு வேகம் பெறலாம். கடைத்தெருவில் 64 ஜி.பி. என்று அச்சிட்டு மிகச் சொற்ப விலைக்கு விற்கப்படும் சிலவற்றில் உண்மையில் 8 ஜி.பி.யே இருக்கும், அதற்கு மேல் எழுதுவன எல்லாம் பாழ்ங்கிணற்றில் விழும். வாங்கியவுடன் எஃப்3 என்னும் நிரலால் சோதித்தல் நலம். வலையிலிருந்து இறக்கிய வட்டுக் கோப்பு முழுமையாக வந்ததா என்பதை, வெளியிட்டோர் தந்த 64 எழுத்துச் ஷா-256 எண்ணோடு ஒப்பிட்டு அறிக. அதைப் பென் டிரைவில் எழுதும் ‘டிடி’ கட்டளை மிகக் கூரிய கத்தி. டிஸ்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினால், கேள்வியின்றி வீட்டுக் கணினியையே அழித்துவிடும். ‘எல்எஸ்-பிளாக்’ கட்டளையால் அளவைப் பார்த்து, இருமுறை உறுதிசெய்த பின்பே எண்டர் விசையைத் தொடுக.

பிறர் கணினியில் செருகும்போது கவனிக்கவேண்டியவை வேறு. பட்டியலை அழைக்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பி கணினிகளில் எஸ்கேப் விசையை அழுத்திப் பின் எஃப்9. ஏசர் சிலவற்றில் அமைப்புப் பக்கத்தில் முதலில் அனுமதித்தால்தான் எஃப்12 வேலை செய்யும். விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ என்பது முழு நிறுத்தமன்று. விரைந்து எழுவதற்காகப் பாதி உறங்குவதே. அந்நிலையில் அதன் டிஸ்கில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் கெடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து வருவதே முழு நிறுத்தமாகும். செக்யூர் பூட் என்னும் காவல் இருப்பின், கையொப்பமிட்ட பூட் லோடரே உள்ளே புகும். டெபியன் 10 வெளிவந்த 2019 முதல் அதிலும் இக்கையொப்பம் உண்டு. ஆதலால் அக்காவலை நீக்காமலே முயல்க. நீக்கினால், பிட்லாக்கர் பூட்டிட்ட கணினிகளில் விண்டோஸ் அடுத்தமுறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்றல் கூடும். உடையவருக்கு அவ்வெண் தெரியாதிருந்தால் நமக்குக் கெட்ட பெயரே மிஞ்சும். பிட்லாக்கர் பூட்டிய டிஸ்கை அவ்வெண்ணின்றி நம் பென் டிரைவாலும் படிக்க முடியாது. மாணவியின் லேப்டாப்பில் அது இல்லாதிருந்தது நற்பேறு.

கடிகாரத் தொல்லையும் ஒன்றுண்டு. விண்டோஸ் தாய்ப்பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்ளும். ஆகையால் நாம் வேலை முடித்துச் சென்றபின் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் வாங்குவோர் இதனைக் கண்டு முகம் சுளித்ததுண்டு. ‘டைம்-டேட்-சிடிஎல்’ கட்டளையால் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி நம் லினக்ஸுக்குச் சொல்லிவிட்டால் தீரும்.

எல்லாக் கணினியிலும் எழும் என்று நாம் தலைப்பிடாததற்குக் காரணமுண்டு. இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்காக ஆக்கிய லினக்ஸ், ஏ.ஆர்.எம். வகைச் சில்லுள்ள புதிய ஆப்பிள் கணினிகளில் எழாது. 32 பிட் மாத்திரம் அறிந்த மிகப் பழைய கணினிகளுக்கும் கதவு அடைபட்டு வருகின்றது; 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வந்த டெபியன் 13-இல் அவற்றிற்கு நிறுவும் வட்டு இல்லை. ஆனால் 64 பிட் அறிந்த பழைய லேப்டாப்புகளுக்கு இன்னும் நெடுங்காலம் வேலையுண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் பல வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான முகப்புள்ள லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் உள்ளே நிறுவுவதற்கு எவ்விதச் செலவுமில்லை. மாணவியின் லேப்டாப்பில் 2 ஜி.பி. நினைவகமே இருந்தது, அதற்கும் இது போதுமானதாயிற்று.

இன்னும் ஒன்று. பென் டிரைவிலிருந்து எழுந்த லினக்ஸுக்கு விண்டோஸின் கடவுச்சொல் ஒரு தடையன்று. பூட்டாத டிஸ்க் யாவும் திறந்த வீடே. உடையவர் அறியாமல் செருகுவது, கதவு சாத்தவில்லையென்று பிறர் வீட்டில் நுழைவதற்கு ஒப்பாகும். அதுபோலவே நம் பென் டிரைவ் பஸ்ஸில் தவறி விழுந்தால் எடுத்தவருக்கு நம் வீடு திறந்ததாகும். நிறுவும்போதே லக்ஸ் என்னும் முறையால் லினக்ஸ் பிரிவைப் பூட்டிவிடல் வேண்டும். பூட்டியும், ஒரே பென் டிரைவை நம்பாமல் கோப்புகளுக்கு மற்றொரு நகல் வைப்பது அவசியம். ஏனெனில் பென் டிரைவ் சாகும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை.

இப்பொழுது ஆய்வுக்கூட அலமாரியில் மூன்று பென் டிரைவுகள் இருக்கின்றன. இரண்டில் முழு நிறுவல். ஒன்றில் லைவ் தொகுப்பு. மூன்றும் பயாஸ் வகை ஒன்று, யூ.இ.எஃப்.ஐ. வகை இரண்டு ஆக மூன்று கணினிகளில் சோதிக்கப்பட்டுச் சீட்டு ஒட்டப்பெற்றவை. தமிழ்99 விசைப்பலகை அமைந்துள்ளது. மாணாக்கர் நோட்டுப் புத்தகத்தில் பெயரெழுதி ஒரு வாரத்திற்கு வாங்கிச் செல்லலாம். திருப்பிக் கொடுப்பதற்கு முன் தங்கள் கோப்புகளை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம். போன பருவத்தில் ஒருவர் தம் செய்முறைப் பதிவேடு முழுவதையும் அதிலேயே விட்டுச்சென்றார். அது இன்னும் நம்மிடம் பத்திரமாக இருக்கின்றது.